மாடியில் முட்டி உயரத்துக்கு வந்த பந்து: கயிற்றுப் பந்துப் பயிற்சி, ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு வீடு. 30 அடி நீளம், 20 அடி அகலத்தில் மொட்டை மாடி, மூன்றடிக் கைப்பிடிச் சுவர், ஒரு மூலையில் தண்ணீர் டேங்க். 12 வயதுப் பெண், டென்னிஸில் வலது கை ஆட்டம். வாரத்தில் 2 நாள் கோர்ட்டில் கோச்சிங். மற்ற நாள்களில் மாடியில் கயிற்றுப் பந்து. அடிப்பெட்டி ஒன்று, அதிலிருந்து எலாஸ்டிக் கயிறு, கயிற்றின் நுனியில் பந்து. அடித்தால் போகும், இழுபட்டுத் திரும்பி வரும். மூன்று மாதம் விடாமல் பழகியதில் மாடியில் 50, 60 அடி தொடர்ச்சியாக அடிக்க வந்துவிட்டது. கோர்ட்டில் மட்டும் ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கத்து அடி, கெட்டுப்போயிருந்தது. பாதிப் பந்து வலையில் விழுந்தது, மீதி பின்வேலியில் போய் மோதியது.

ஒரே வீட்டுக் கதையாக எழுதியிருந்தாலும் இது ஒரு வீட்டில் மட்டும் நடந்தது அல்ல. ஊரில் பல மாடிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதை ஒரு வீட்டுக்குள் சேர்த்து வைத்திருக்கிறோம்.

முதல் தடயம் கிடைத்தது கோர்ட்டில்தான். சாதாரணமாக இடுப்பு உயரத்துக்கு எழும்பி வந்த பந்தை அந்தப் பெண் அடிக்காமல் விட்டு, அது இறங்கி முட்டிக்கு வந்த பிறகு அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் கண்ணு, பந்து முட்டிக்கு வர்ற வரைக்கும் நிக்கிறே?”

“மாடியில அங்கதான் சார் வருது.”

அந்தப் பதிலில் பாதி ஆய்வு முடிந்துவிட்டது. மாடியில் பந்து ஏன் அங்கே வருகிறது என்பதுதான் மீதி.

பந்தைப் பார்ப்போம்

போட்டிக்கான டென்னிஸ் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்பது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதி. வீட்டில் அவ்வளவு உயரம் வேண்டாம். சுவரில் 1 மீட்டரில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து விட்டுப் பாருங்கள். நல்ல பந்து சுமார் 55 செ.மீ. எழும். கயிற்றுப் பந்தை அதே கோட்டிலிருந்து விட்டால் 40 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும்.

காரணம் எளிது. சாதாரண டென்னிஸ் பந்து உள்ளே காற்று அடைத்த ரப்பர் கூடு. கயிற்றைக் கோக்க ஊசி போட்ட நொடியில் அந்தக் காற்று வெளியேறிவிடும். புத்தம் புதுப் பந்தாக இருந்தாலும் முதல் அடியிலிருந்தே அது செத்த பந்துதான். கடையில் ‘புதுப் பந்து போட்டுத் தருகிறோம்’ என்று சொன்னால் மகிழ்ச்சி அடைய ஒன்றும் இல்லை.

இதற்கு மாற்று பிரஷர்லெஸ் பந்து. அதன் துள்ளல் கனமான ரப்பர் சுவரிலிருந்து வருகிறது, உள்ளே அடைத்த காற்றை நம்பி அது இல்லை. அதனால் துளை போட்டாலும் எழும்பும். ஆனால் கையில் கொஞ்சம் கட்டையாக விழும். சின்னப் பிள்ளைகளின் முழங்கைக்கு ஒரு வேளைக்கு 100 அடி போதும், அதற்கு மேல் வேண்டாம்.

கோக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம், கயிறு அறுவது பெரும்பாலும் இங்கேதான். கோணி ஊசியால் பந்தின் நடுவாக, தையல் போலத் தெரியும் வளைகோட்டை விட்டு விலகி, ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுக்க வேண்டும். வெளியே வந்த நுனியை ஒரு சட்டைப் பொத்தானின் இரண்டு துளைகளில் நுழைத்து எடுத்து, அதன் பிறகு எட்டு முடிச்சு. பொத்தான் இல்லாமல் வெறும் முடிச்சு மட்டும் போட்டால், நாலு நாளில் முடிச்சு ரப்பரை அகட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். பந்துக்கும் கயிற்றுக்கும் நடுவே, தூண்டில் சாமான் கடையில் கிடைக்கும் சின்ன ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) ஒன்றைப் போட்டால் கயிறு முறுக்கிக்கொள்வது பெருமளவு குறையும். அப்படிச் செய்யும்போது பந்தின் வழியாகப் போவது ஒரு சாண் நைலான் கயிறாக இருக்கட்டும், எலாஸ்டிக் ஸ்விவலுக்கு அப்பால் தொடங்கட்டும். துளையின் விளிம்பு துணி உறை போட்ட எலாஸ்டிக்கைத் தின்றுவிடும், நைலானை அவ்வளவு சீக்கிரம் தின்னாது.

பெட்டியும் கயிறும்

மாடியில் இரண்டாவதாகக் கண்ணில் பட்டது அடிப்பெட்டி. பயிற்சி தொடங்கும்போது சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தோம். முடியும்போது பெட்டி அந்தக் கோட்டிலிருந்து முன்னால் நகர்ந்து கிடந்தது. அந்தப் பெண்ணும் அதன் பின்னாலேயே நகர்ந்திருக்கிறாள். நகர்ந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நிற்கும் இடம் அடிக்கு அடி மாறினால் எந்தத் தூரத்துக்கும் கால் பழகாது.

ஒரு சின்னக் கணக்கு. பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். அதை மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அடித்தால் சுமார் 11 அல்லது 12 ஜூல் ஆற்றல் கயிற்றில் போய் இறங்குகிறது. 4 மீட்டர் கயிறு அதை வாங்கிக்கொண்டு 8 மீட்டர் வரை நீள்கிறது என்று வைத்தால், கடைசி நொடியில் பெட்டியின் மேல் விழும் இழுப்பு ஏறக்குறைய 600 கிராம் எடைக்குச் சமம். கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் தூசி படிந்த சிமெண்ட் தரையில் 1 கிலோ பெட்டி 400 கிராம் இழுப்புக்கே சறுக்கத் தொடங்கும். 3 கிலோ இருந்தால் அசையாது. அந்த வீட்டில் பெட்டியில் பாதிக்குத் தண்ணீர், எடை 1 கிலோவை ஒட்டித்தான் இருந்தது.

2 லிட்டர் பெட்டியில் முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் 2 கிலோதான் வரும். காய்ந்த மணலோ எம்-சாண்டோ தட்டித் தட்டி நிரப்பினால் 3 கிலோவைத் தாண்டும். ஈர மணல் வேண்டாம். மூடி வழியாகக் கசிந்து தரையைச் சேறாக்கும், அப்புறம் பெட்டி இன்னும் நன்றாகச் சறுக்கும். பெட்டிக்கு அடியில் ஒரு சாக்கை இரண்டாக மடித்துப் போட்டால் பிடிப்பும் கூடும், கீழ் வீட்டுக்குக் கேட்கும் சத்தமும் குறையும். வெயில் தாங்க வெள்ளைப் பெயின்ட் அடித்த மாடி என்றால் சாக்கு இல்லாமல் முடியவே முடியாது. அந்தப் பெயின்ட் காலைப் பனியில் ஈரமாகும் நாளில் பயிற்சியே வேண்டாம். வழுக்குவது பெட்டி மட்டும் அல்ல.

கயிற்றின் நீளத்தில் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. வாங்கும்போது வந்த 4 மீட்டர் கயிறு அப்படியே கட்டப்பட்டிருந்தது. முழு வீச்சில் அடித்தால் பந்து பெட்டியிலிருந்து 8 மீட்டர் போகும். ஆள் நிற்பது பெட்டிக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். ராக்கெட் வீச இன்னொரு மீட்டர். மொத்தம் பத்தரை மீட்டர். மாடியோ 30 அடி, அதாவது 9 மீட்டர். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருப்பக்கம் தொங்கும், கயிறு சுவர் விளிம்பில் உராயும், கீழிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். இதைத் தவிர்க்க அந்தப் பெண் என்ன செய்தாள்? வீச்சைச் சுருக்கிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மாடியே சொல்லிக் கொடுத்துவிட்டது. கோர்ட்டில் கோச் பார்த்த அரைகுறை ஃபாலோ-த்ரூ, அதாவது பந்தை அடித்த பிறகும் ராக்கெட் தொடர்ந்து போக வேண்டிய வீச்சு, இங்கிருந்து வந்ததுதான்.

கயிற்றை 3 மீட்டராகக் குறைத்தோம். அதே கயிறு குட்டையானால் விறைப்பு கூடும். அதே அடிக்குப் பந்து ஆறரை மீட்டரோடு நின்றுவிடும். 9 மீட்டர் மாடிக்குச் சரியாகப் பொருந்துகிறது. விறைப்பைச் சோதிக்க ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் லக்கேஜ் தராசு போதும். கயிற்றை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து எண்ணைப் பாருங்கள். 600, 700 கிராம் காட்டினால் இந்த வயதுக்கு ஏற்றது. 1 கிலோவைத் தாண்டினால் பந்து முகத்துக்கு வந்து அறையும். மாதம் ஒருமுறை தரையில் தளர்வாக நீட்டி அளந்து பார்த்து, ஒரு சாண் கூடியிருந்தால் கயிற்றை மாற்றிவிடலாம். சேலம் வெயிலில் மாடியிலேயே விட்டுவைத்தால் ரப்பர் வெடித்துவிடும். உறைக்குள் இருப்பதால் வெடிப்பு வெளியே தெரியாது. அறுந்த கயிறு பின்னோக்கி வரும் வேகம் கொஞ்சநஞ்சம் அல்ல. பெட்டிக்குப் பின்னால் தம்பி தங்கைகள் நிற்கக் கூடாது. ஆடுகிறவர் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது.

வலை இல்லாத மாடி

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் கோர்ட்டில் பந்து வலையில்தான் விழுந்தது. இந்த நிகழ்வில் எங்களுக்கு அதிக நேரம் பிடித்த பகுதி இது.

கைபேசியைப் பக்கவாட்டில், தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் நாற்காலி மேல் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். மாடியில் அவள் அடித்த ‘நல்ல’ அடிகள் எல்லாம் தரைக்குக் கிடையாகப் போயின. பார்க்க அழகாக, வேகமாக, நேராக இருந்தன. அவற்றைக் கோர்ட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடுப்பு உயரமான 90 செ.மீ.-லிருந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் கிடையாகக் கிளம்பும் பந்து 0.43 வினாடியில் தரையைத் தொடும். அதற்குள் அது போகும் தூரம் எட்டரை மீட்டர். கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலைக்கு 11.885 மீட்டர். வலைக்கு மூன்று மீட்டர் முன்னாலேயே பந்து தரையில். மாடியில் வலை இல்லை; 3 மீட்டரில் கயிறு பிடித்து இழுத்துவிடுகிறது; இந்தத் தப்பு யார் கண்ணுக்கும் படவில்லை.

வலையின் நடு உயரம் 91.4 செ.மீ. அதற்கு மேலே 60, 70 செ.மீ. இடைவெளி விட்டுப் பந்து போக வேண்டும் என்றால், அதே வேகத்தில் அடித்த பந்து ஆளிடமிருந்து 3 மீட்டர் தள்ளிப் போகும்போதே சுமார் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மாடியில் அளக்கக்கூடிய ஒரே எண் இதுதான். மொத்தப் பயிற்சியையும் இந்த எண்ணைச் சுற்றி மாற்றினோம்.

அந்த உயரத்தில் குறுக்கே ஒரு கொடி கட்டலாமே என்று முதலில் தோன்றும். துணி காயப்போடும் கொடி அங்கேயே இருந்தது. கட்டாதீர்கள். பந்து கொடிக்கு மேலே போகும், திரும்பும்போது கயிறு கொடியில் மாட்டும், பந்து ராட்டினம் போலக் கொடியைச் சுற்றிக்கொள்ளும். அவிழ்த்தெடுக்க ஐந்து நிமிடம், பயிற்சி பத்து அடி. இதற்கு இரண்டு மூங்கில் கழி போதும். மணல் நிரப்பிய பெயின்ட் வாளி இரண்டில் நட்டு, ஆளிடமிருந்து மூன்று மீட்டர் தள்ளி, பந்து போகும் வழிக்கு இரு பக்கமும் நிறுத்தி, ஒவ்வொரு கழியிலும் 1.4 மீட்டரில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் கண்ணுக்குக் கோடு தெரியும். கயிற்றுக்கு மாட்ட எதுவும் இருக்காது.

இங்கேதான் கருவியின் உண்மையான குறை வெளியே வந்தது. கிடையாக அடித்தால் பந்து அழகாக, கைக்கு வசதியாகத் திரும்பி வருகிறது. சரியான வளைவில் மேலே ஏற்றி அடித்தால் தரையோடு கட்டிய கயிறு அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. பந்து இரண்டு, மூன்று குத்து குத்தி, முட்டிக்கும் கீழே உருண்டு வருகிறது. தப்பாக அடிப்பவருக்கு 60 அடி தொடர்ச்சி, சரியாக அடிப்பவருக்கு இரண்டோடு முடிவு. தொடர்ச்சியை எண்ணிப் பழகும் பிள்ளை எந்தப் பக்கம் சாயும்? அந்தப் பெண் மூன்று மாதம் உழைத்தாள், கருவி பரிசு கொடுத்த பக்கம் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் சோம்பலும் இல்லை, கவனக் குறைவும் இல்லை.

பின்வேலிப் பந்துகளுக்கும் விடை இதிலேயே இருந்தது. முட்டி உயரத்தில் வருவதை வலையைத் தாண்ட வைக்க, மணிக்கட்டைத் திருப்பி ராக்கெட் முகத்தை வானம் பார்க்க வைத்திருக்கிறாள். பிடியும் மெல்ல மெல்ல செமி வெஸ்டர்னிலிருந்து (உள்ளங்கை பிடிக்குக் கீழ்ப்பக்கமாக) கான்டினென்டல் (உள்ளங்கை மேல்பக்கமாக) பக்கம் வழுக்கியிருந்தது. உள்ளங்கை ராக்கெட் பிடியின் எந்த முகத்தில் இருக்கிறது என்று பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தபோது, முதல் அடிக்கும் இருபதாவது அடிக்கும் இடையில் புள்ளி இடம் மாறியிருந்தது.

மாற்றிய பயிற்சி

தொடர்ச்சியாக அடிப்பதை நிறுத்தினோம். ஒரு அடி, ஒரு பிடி, அவ்வளவுதான். இடது கையில் பந்து; கையை நீட்டி முன்னால் விடுவது; அது எழுந்து நிற்கும் இடத்தில் அடிப்பது; திரும்பி வரும் பந்து எத்தனை குத்து குத்தினாலும் சரி, இடது கையால் பிடிப்பது; பிடியின் புள்ளியைப் பார்ப்பது; அடுத்த அடி. சிவப்புத் துணிக்கு மேலே போனால்தான் எண்ணிக்கை. முதல் நாள் இருபதில் மூன்று தேறினாலே பெரிது. 20 அடி ஒரு சுற்று, நாளைக்கு 5 சுற்று, நடுவே இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு. மொத்தம் 25, 30 நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு இது சலிப்புத் தட்டும், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது சுற்றை மட்டும் பழையபடி தொடர்ச்சியாக விட்டுவிட்டால் மறுநாள் மாடி ஏறுவார்கள்.

பெட்டி இருக்கும் இடமும் முக்கியம். உடம்புக்கு நேர் முன்னால் வைத்தால் பந்து வயிற்றை நோக்கி வரும், முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வலது கை ஃபோர்ஹேண்டுக்கு, பந்தை அடிக்கும் இடத்தின் நேர்கோட்டில், அதாவது உடம்புக்கு வலது புறம் ஒரு கை தள்ளி, ஒன்றரை மீட்டர் முன்னால் வைக்க வேண்டும். அதைவிட அருகில் நின்றால் தளர்ந்த கயிறு காலடியில் சுருண்டு கிடக்கும், வீச்சின் முடிவில் ராக்கெட்டில் மாட்டும்.

நேரக் கணக்கு ஒன்றும் உண்டு. கயிற்றுப் பந்து ஒன்றரை வினாடிக்குள் திரும்பிவிடும். கோர்ட்டில் பேஸ்லைன் ஆட்டத்தில் நம் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இரண்டரை, மூன்று வினாடி கிடைக்கும். அந்த நேரத்தில்தான் நடுவுக்குத் திரும்புவதும், எதிராளி அடிக்கும்போது சின்னதாகக் குதித்துத் தயாராகும் ஸ்பிளிட் ஸ்டெப் போடுவதும். மாடியில் ஊறிய அவசரம் கோர்ட்டில் காலை ஆணி அடித்து நிறுத்திவிடுகிறது. பந்தைப் பிடித்த பிறகு இரண்டு அடி பக்கவாட்டில் போய்த் தரையில் போட்ட சாக்பீஸ் குறியைத் தொட்டுவிட்டு வரச் சொன்னோம்.

பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின்னை மட்டும் இதில் பழக முடியாது. கயிறு சுழற்சியைத் தின்றுவிடும். பந்து விழும் விதத்திலும் எழும் விதத்திலும் அது தெரியவே தெரியாது. அதைக் கோர்ட்டிலோ சுவரிலோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏற்காட்டில் இரண்டு வாரம்

மே மாதம் அந்தப் பெண் ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனாள். அங்கே காப்பித் தோட்டத்துக் களம். அறுவடை மாசியோடு முடிந்துவிடுவதால் சிமெண்ட் களம் சும்மா கிடந்தது. மாடியைவிட நல்ல இடம்: சுவர் இல்லை, 4 மீட்டர் கயிற்றையே கட்டலாம், காலை எட்டு மணிக்கும் வெயில் சுடாது. சில்வர் ஓக் சருகை மட்டும் முதலில் பெருக்கிவிட வேண்டும். காலுக்கு அடியில் மாட்டினால் ஸ்கேட்டிங் போகும்.

மூன்றாம் நாளே ஒரு குழப்பம். பக்கத்துக் கோர்ட் ஒன்றில் சேலத்திலிருந்து கொண்டுபோன பந்துகளால் ஆடியபோது எல்லாம் நீளமாகப் போய் விழுந்தன. பழைய தப்பு திரும்பிவிட்டது என்று தொலைபேசியில் அழுகை. தப்பு அவளுடையது அல்ல. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டி இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் வெளிக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். பந்துக்குள் அடைத்த காற்று அப்படியே இருப்பதால் பந்து கூடுதலாகத் துள்ளும். மெலிந்த காற்று அதைக் குறைவாகவே தடுக்கும். 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே விதிப்புத்தகத்தில் தனிப் பந்து உண்டு. அது அதே சோதனையில் 122 முதல் 135 செ.மீ. எழுந்தால் போதும்.

துளை போட்ட கயிற்றுப் பந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. அதனால் அந்த இரண்டு வாரமும் கோர்ட்டில் விழுந்த நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், களத்தில் கழியையும் சிவப்புத் துணியையும் மட்டும் பார் என்று சொல்லிவிட்டோம்.

ஜூனில் பள்ளி திறந்து சேலம் கோர்ட்டுக்குத் திரும்பியபோது பந்தை இடுப்பு உயரத்திலேயே சந்தித்தாள். வலையில் விழுவது அருகியிருந்தது. ஃபாலோ-த்ரூ இன்னும் குட்டைதான். பேக்ஹேண்டைத் தொடவே இல்லை. அதற்குப் பெட்டியை இடது புறம் மாற்றி வைக்க வேண்டும். இரண்டு கைப் பேக்ஹேண்ட் என்பதால் பந்தைத் தானே விட்டு அடிப்பது கொஞ்சம் சிரமம், வேறொருவர் பக்கத்தில் நின்று விட்டுத்தந்தால் எளிது. ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் மாடியில் பந்து பக்கவாட்டில் ஓடும். அதனால் ஆவணி வரை கழிகளை டேங்க் மறைவில் சாத்தி வைத்திருக்கிறார்கள்.